கடைசிப் பக்கம்வரை போகும் புத்தகம்

"எது நல்ல புத்தகம்?" என்ற கேள்வியோடு 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குப் புத்தகம் தேடினால், நல்ல புத்தகங்கள் நிறையவே வீடு வந்து சேரும். அவற்றில் பாதி, 12ஆம் பக்கத்தில் ஓரம் மடிந்து தூசி படியும். கேட்க வேண்டிய கேள்வி சின்னது: இந்தப் பிள்ளை இப்போது எதை முடிக்கும்? ஒரு புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை கொண்டுபோன பிள்ளைதான் அடுத்ததைக் கேட்கும். இலக்கியத் தரம், பொது அறிவு, மொழி வளம் எல்லாம் அந்த இரண்டாவது புத்தகத்துக்கு அப்புறம் பேச வேண்டியவை.

இந்த வயதைத் தனியாகப் பார்க்கக் காரணம் உண்டு. வாசிப்பு கைநழுவுவது பெரும்பாலும் இங்கேதான். அமெரிக்கக் கல்வியாளர் ஜீன் சால் 1983இல் வாசிப்பின் படிநிலைகளைப் பிரித்துக் காட்டினார். மூன்றாம் வகுப்புவரை பிள்ளை வாசிக்கக் கற்கிறது. நான்காம் வகுப்பிலிருந்து, கற்பதற்காக வாசிக்கிறது. அந்தத் திருப்பத்தில் சறுக்குவதைத்தான் 'நான்காம் வகுப்புச் சரிவு' என்கிறார்கள். போன வருஷம்வரை நன்றாகப் படித்த பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று பெற்றவர்கள் குழம்புவார்கள். மாறியது பெரும்பாலும் புத்தகம். படங்கள் குறைந்துவிட்டன, வாக்கியம் நீண்டுவிட்டது, பேச்சில் வராத சொற்கள் பக்கத்துக்குப் பத்து வந்து உட்கார்ந்துவிட்டன. தமிழில் இன்னொரு மேடும் ஏற வேண்டும். வாயில் "வந்துட்டாங்க" என்று வருவது பக்கத்தில் "வந்துவிட்டனர்" என்று நிற்கும். படப்புத்தகக் காலத்தில் வாசித்துக் காட்டுபவரின் குரலே இந்த இடைவெளியை நிரப்பிவிடும். 8 வயதானதும் "இனிமே நீயே படி" என்று அந்தக் குரலை நிறுத்திவிடுகிறோம்.

கடினம் எவ்வளவு என்று பார்க்கப் பலரும் செய்வது ஐந்து விரல் சோதனை. நடுப்பகுதியில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பிள்ளையைப் படிக்கச் சொல்ல வேண்டும். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரல் மடங்கும். ஐந்தும் மடங்கினால் புத்தகத்தை வைத்துவிடலாம். நல்ல வழிதான், செய்கிற விதத்தில்தான் பிசகு. இது ஏறக்குறைய 100 சொற்களுக்கான கணக்கு என்பதை யாரும் கவனிப்பதில்லை. பெரிய எழுத்தில் 60 சொற்களே உள்ள பக்கத்தில் ஐந்து விரல் மடங்கினால் அது பாறை. பொடி எழுத்தில் 250 சொற்கள் உள்ள பக்கத்தில் அதே ஐந்து விரல் என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆகவே முதலில் 100 சொற்களை எண்ணி, முடியும் இடத்தில் ஒரு காகிதத் துண்டை வைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

அடுத்த பிசகு ஐந்து என்ற எண்ணிலேயே இருக்கிறது. 100க்கு 5 தெரியவில்லை என்றால் 95 விழுக்காடு தெரிகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அமெரிக்க வாசிப்பு ஆய்வாளர் எம்மெட் பெட்ஸ் 1946இல் வகுத்த அளவுகளின்படி 95 என்பது ஆசிரியர் பக்கத்தில் இருந்து உதவும்போது வாசிக்கத் தக்க நிலை. தனியே உட்கார்ந்து வாசிக்க 99 தேவை. 90க்குக் கீழே போனால் வெறுப்புதான் மிஞ்சும். ஐந்து சொல்லுக்கு ஒரு சொல் புரியவில்லை என்ற நிலை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இருபதுக்கு ஒன்று தட்டினாலே தனி வாசிப்பு நொண்டத் தொடங்கும். யாரும் துணைக்கு இல்லாமல், சோபாவில் சாய்ந்தபடி படிக்க வேண்டிய புத்தகத்துக்கு ஒரு விரல், மிஞ்சினால் இரண்டு. மூன்று, நான்கு விரல் புத்தகங்களைத் தள்ளிவிட வேண்டாம். அவை சேர்ந்து படிப்பதற்கானவை: ஒரு அத்தியாயம் பெரியவர் வாசிக்க, அடுத்தது பிள்ளை வாசிக்கலாம்.

தமிழ்ப் புத்தகத்தில் எண்ணும்போது இன்னொரு சிக்கலும் வரும். 'எடுத்துக்கொண்டுபோய்விட்டதாகச் சொன்னான்' என்று அச்சாகியிருந்தால் எண்ணிக்கையில் இரண்டே சொல். படிக்கிற பிள்ளைக்கு அது ஒரு ரயில் வண்டி. 'எடு'வில் ஏறினால் 'தாகச்' வருவதற்குள், எடுத்தது யார் என்பதே மறந்துபோகும். இதே வாக்கியத்தை 'எடுத்துக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னான்' என்று பிரித்து அச்சிட்டிருந்தால் பாதிச் சிரமம் போய்விடும். ஆகவே தெரியாத சொல்லுக்கு மட்டும் விரல் மடக்கினால் போதாது. தெரிந்த சொல்லாகவே இருந்தும் பிள்ளை நின்று, பின்னால் போய், மறுபடி தொடங்கினால் அதற்கும் ஒரு விரல். சிறுவர் புத்தகம் போடுகிற சில பதிப்பகங்கள் சேர்த்து எழுதுவதில் காட்டும் கண்டிப்பைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டால் அவர்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

சொல் தெரிந்தால் பொருள் புரிந்துவிடும் என்பதில்லை. தடங்கல் இல்லாமல் உரக்கப் படித்துவிட்டு, என்ன நடந்தது என்று கேட்டால் விழிக்கிற பிள்ளைகள் உண்டு. அதனால் விரல் சோதனை முடிந்ததும் இரண்டே கேள்வி: "இப்ப இவங்க எங்க இருக்காங்க?", "அடுத்து என்ன செய்யப் போறாங்கன்னு நினைக்கிற?" முதல் கேள்விக்குப் பதில் வராவிட்டால் பிள்ளை எழுத்தை வாசித்திருக்கிறது, கதைக்குள் போகவில்லை. தமிழில் இதற்கு வழக்கமான காரணம், எழுவாய் மறைந்து கிடப்பது. இரண்டு பையன்கள் பேசிக்கொள்ளும் இடத்தில் 'சொன்னான்', 'கேட்டான்', 'சிரித்தான்' என்றே ஓடினால், பேசுவது யார் என்று மூன்றாவது வரியில் பெரியவர்களுக்கே தடுமாறும். இந்த வயதுக்கு எழுதத் தெரிந்தவர் நாலு வரிக்கு ஒருமுறை பெயரைச் சொல்லிவிடுவார், அல்லது பேசுபவரின் கையில் ஏதாவது ஒரு வேலையைக் கொடுத்துவிடுவார்.

மொழிபெயர்ப்புகளில் பெயர்களே தடையாவதும் அடிக்கடி நடக்கிறது. வாயில் நுழையாத ஆறு பெயர்கள் முதல் பத்துப் பக்கத்தில் வந்துவிட்டால் பிள்ளைகள் அவற்றின் முதல் எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். ஒரே எழுத்தில் தொடங்கும் இரண்டு பேர் வந்ததும் கதை கலங்கிவிடும். பக்க அடையாளமாக வைக்கும் அட்டையில் பெயர், அவர் யார் என்று ஒரு சொல்லில் எழுதிக் கொடுத்தால் போதும். புத்தகத்தை மாற்ற வேண்டியதில்லை.

நீளத்தைப் பக்கத்தில் அளப்பதைவிட நாளில் அளப்பது மேல். பிள்ளை தன் போக்கில் 5 நிமிடம் படிக்கட்டும், எத்தனை பக்கம் போயிற்று என்று பாருங்கள். 2 பக்கம் என்று வைத்துக்கொண்டால் தினமும் 20 நிமிடத்துக்கு 8 பக்கம். 120 பக்கப் புத்தகம் 15 நாள் ஓடும், 240 பக்கப் புத்தகம் ஒரு மாதம். நடுவில் பரீட்சை, காய்ச்சல், விருந்தாளி என்று நாலு நாள் விட்டுப்போனால் முதல் அத்தியாயத்தில் காணாமல் போன நாய்க்குட்டி யாருடையது என்பதே நினைவிருக்காது. வாசிப்பில் ஒட்டாத பிள்ளைக்கு முதல் நாலைந்து புத்தகங்கள் ஒரு வாரத்தில் முடிய வேண்டும். இந்த வேகத்தில் அது 56 பக்கம். குண்டான புத்தகத்தைக் கண்டு பெருமைப்படுவதும் சின்னதைக் கண்டு "இவ்வளவுதானா?" என்று கேட்பதும் பெரியவர்களின் வியாதி.

பக்கத்தைத் திறந்து ஒரு கை தூரத்தில் பிடித்துப் பார்த்தாலும் சில விஷயம் தெரியும். எழுத்தின் அளவு 8, 9 வயதுக்கு 14 புள்ளி (பாயின்ட்), 11, 12 வயதுக்கு 12 புள்ளி இருந்தால் நல்லது. வரிகளுக்கு இடையே வெள்ளை தெரிய வேண்டும். அரைப் பக்கத்துக்கு ஒரே பத்தியாக, உரையாடலே இல்லாமல் கருத்துக் கிடந்தால் தயங்கும் பிள்ளை அதைத் திறக்காது. ஒரு அத்தியாயம் ஒரே அமர்வில் முடியக்கூடியதாக, 6 முதல் 10 பக்கத்துக்குள் இருந்தால் நிறுத்துவதற்கு ஒரு நல்ல இடம் கிடைக்கும். வரி தாவிப் படிப்பதும் கண்ணைச் சுருக்குவதும் எந்தப் புத்தகத்திலும் தொடர்ந்தால், கண் பரிசோதனைக்குப் பிறகு புத்தகத் தேர்வைப் பற்றி யோசிக்கலாம்.

இத்தனையும் வெளித்தோற்றம். உள்ளே இழுப்பது முதல் பக்கம். இதற்கென்றே எழுதிய இரண்டு தொடக்கங்களைப் பாருங்கள்.

'அழகிய சிற்றூர் ஒன்றில் ஒழுக்கத்தில் சிறந்த சிறுவன் ஒருவன் வாழ்ந்து வந்தான். அவன் பெற்றோர் சொல்லைத் தட்டமாட்டான். அனைவரிடமும் அன்பாகப் பழகுவான்.'

'பெட்டிக்குள் ஏதோ அசைந்தது. மூடி மேல் ஏறி உட்கார்ந்துகொள்வதைத் தவிர முத்துவுக்கு வேறு வழி தெரியவில்லை. அம்மா வர இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தது.'

இரண்டிலும் கடினமான சொல் கிடையாது. முதலாவதில் கதை முடிந்துவிட்டது. அவன் நல்லவன், கடைசியில் பாராட்டுப் பெறுவான் என்று 9 வயதுப் பிள்ளைக்கே தெரியும். இரண்டாவதில் ஒரு கேள்வி இருக்கிறது, ஒரு கெடு இருக்கிறது, தப்பு செய்யக்கூடிய ஒரு ஆளும் இருக்கிறான். இந்த வயதுக்கான புத்தகம் என்று சொல்லிக்கொண்டு நீதியைச் சர்க்கரை தடவிக் கொடுக்கிற புத்தகங்களை அடையாளம் காண ஒரு குறுக்குவழி: கடைசிப் பக்கத்தைத் திறங்கள். ஒரு பெரியவர் தலையைத் தடவிக்கொடுத்து விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தால் கீழே வையுங்கள். சிக்கலைத் தீர்ப்பது பிள்ளைகளாகவே இருக்க வேண்டும். பெரியவர்கள் வரலாம், உதவலாம், குறுக்கே நிற்கலாம். முடிச்சை அவிழ்க்கக் கூடாது.

நாயகன் அல்லது நாயகியின் வயதும் கவனிக்க வேண்டியது. பிள்ளைகள் தங்களைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவர்களைப் பற்றிப் படிக்கத்தான் விரும்புவார்கள். 11 வயதுப் பிள்ளையிடம் 8 வயதுக்காரனின் கதையைக் கொடுத்தால் முகம் போகிற போக்கே சொல்லிவிடும். வாசிப்பில் பின்தங்கிய பெரிய பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய அவமானம்: மொழி எளிதாக இருக்க வேண்டும் என்பதற்காக அவர்கள் கையில் முயல்குட்டிக் கதை திணிக்கப்படுகிறது. அவர்களுக்குத் தேவை எளிய வாக்கியத்தில், தங்கள் வயதின் கவலைகள் உள்ள கதை. அப்படி அமையாவிட்டால் தகவல் புத்தகம் கைகொடுக்கும். சுறாவையும் ராக்கெட்டையும் பற்றிப் படிப்பதற்கு வயது கிடையாது.

பின்னட்டையில் '8+' என்று அச்சிட்டிருப்பது எந்த அலமாரியில் வைப்பது என்பதற்கான குறிப்பு. அதைத் தொடக்கப்புள்ளியாக வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக எடுக்க வேண்டாம். ஆங்கிலப் புத்தகங்களுக்குத் தரப்படும் லெக்ஸைல் போன்ற அளவெண்களும் அப்படித்தான். அவை பார்ப்பது வாக்கிய நீளத்தையும் சொற்கள் புழக்கத்தில் எவ்வளவு இருக்கின்றன என்பதையும். கதையின் கனம் அந்தக் கணக்கில் வராது. குட்டிக் குட்டி வாக்கியங்களில் எழுதிய பெரியவர்களுக்கான நாவல் குறைந்த எண் வாங்கிவிடும். விருது முத்திரைக்கும் எச்சரிக்கை தேவை. அமெரிக்காவில் சிறுவர் இலக்கியத்துக்கு 1922 முதல் வழங்கப்படும் நியூபெரி பதக்கத்தின் விதிகளிலேயே, நீதி போதிப்பதற்காகவோ பிரபலத்துக்காகவோ இது தரப்படுவதில்லை என்று எழுதியிருக்கிறது; அங்கே 'பிள்ளை' என்றால் 14 வயதுவரை. அந்த முத்திரையை நம்பி வாங்கிய புத்தகம் 9 வயதுப் பிள்ளைக்கு ஒட்டவில்லை என்றால் புத்தகத்தின் மேலும் குற்றமில்லை, பிள்ளையின் மேலும் குற்றமில்லை.

படக்கதை படிப்பது வாசிப்பில் சேருமா என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை. சேரும். ஒரு கட்டத்தில் கை ஓங்கியிருக்கிறது, அடுத்த கட்டத்தில் ஜாடி உடைந்து கிடக்கிறது. நடுவில் நடந்ததைப் பிள்ளை தானே கட்டிக்கொள்கிறது. ஊகித்துப் படிப்பது என்பது இதுதான். வாங்கும்போது பார்க்க வேண்டியது கட்டங்களின் வரிசை குழப்பமில்லாமல் ஓடுகிறதா, குமிழிக்குள் எழுத்து நெரியாமல் இருக்கிறதா என்பதை மட்டும்.

தகவல் புத்தகங்களில் வேறு ஆபத்து. பளபளப்பான தாள், பெரிய படம், உள்ளே பழைய சரக்கு. சூரியக் குடும்பம் பற்றியது என்றால் கோள்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். சர்வதேச வானியல் ஒன்றியம் 2006 ஆகஸ்ட் 24 அன்று புளூட்டோவைக் குறுங்கோள் என்று வகைமாற்றியது. 9 கோள்கள் என்று இருந்தால், பதிப்பாண்டு என்ன போட்டிருந்தாலும் உள்ளடக்கம் அதற்கு முந்தையது. டைனோசர் புத்தகமா? சீனாவில் கிடைத்த இறகு போன்ற போர்வையுடைய டைனோசர் புதைபடிவம் 1996இல் அறிவிக்கப்பட்டது. அதற்குப் பிறகும் எல்லா டைனோசரையும் பல்லித் தோலோடு மட்டுமே வரைந்திருந்தால், பழைய படங்களை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் சொல்லடைவு கடைசியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த வயதில் தகவல் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து யாரும் படிப்பதில்லை. 'விஷம்' என்று தேடி நேராக அங்கே போவார்கள். அதற்கு வழி இருக்க வேண்டும்.

உள்ளடக்கம் சரிதானா என்று முழுப் புத்தகத்தையும் முன்கூட்டியே படிக்க எல்லோராலும் முடியாது. 15 நிமிடம் போதும்: முதல் அத்தியாயம், நடுவில் மூன்று பக்கம், கடைசி இரண்டு அத்தியாயம். மரணம், போர், வகுப்பில் சீண்டல், பெற்றோர் பிரிவு என்று இருப்பதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை. இவை பிள்ளைகளின் உலகத்திலும் இருக்கின்றன. பார்க்க வேண்டியது, அடிபட்ட பாத்திரம் கடைசிவரை தனியாக விடப்படுகிறதா என்பது. யாரோ ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் போதும், எல்லாம் சரியாக வேண்டும் என்பதில்லை. கேலிக்கு ஆளாகிறவர் எப்போதும் குண்டானவராக, கறுப்பானவராக, திக்கிப் பேசுபவராக இருந்தால் மட்டும் தயங்காமல் தள்ளிவிடலாம். அமெரிக்கச் சிறுவர் இலக்கிய ஆய்வாளர் ருடீன் சிம்ஸ் பிஷப் 1990இல் சொன்ன உவமை ஒன்று உண்டு: புத்தகம் சிலருக்குச் சன்னல், சிலருக்கு முகம் பார்க்கும் கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் எப்போதும் கோமாளியாகவே தெரிகிற பிள்ளை மறுபடி எட்டிப் பார்க்காது.

இவ்வளவும் பார்த்துத் தேர்ந்த பிறகு ஒரு புத்தகத்தை மட்டும் கையில் கொடுப்பது அதுவரை செய்த வேலையைக் கெடுக்கும். ஐந்தை அடுக்கி வைக்க வேண்டும். ஒன்று பிள்ளைக்கு ரொம்ப எளிது, மூன்று ஒரு விரல் அளவில், ஒன்று கொஞ்சம் உயரத்தில். வகையும் கலந்திருக்கட்டும்: சிரிப்பு, துப்பறியும் கதை, ஒரு தகவல் புத்தகம், ஒரு படக்கதை. எடுப்பது பிள்ளையின் வேலை. அட்டையைப் பார்த்து எடுத்தாலும் சரி, எளிதானதையே எடுத்தாலும் சரி, வாய் திறக்கக் கூடாது. பெரியவர் அடுக்கைத் தீர்மானிக்கலாம், அடுக்கிலிருந்து எடுக்கும் கை பிள்ளையுடையது. தயங்கினால் முதல் அத்தியாயத்தை வாசித்துக் காட்டி, பெட்டிக்குள் அசைந்தது என்ன என்று தெரியும் முன்பு நிறுத்தி, "அடுப்பில வேலை இருக்கு" என்று எழுந்து போய்விடலாம். இது கொஞ்சம் அநியாயம்தான். வேலை செய்கிறது.

கெடுக்கிற வழிகளில் முதலிடம், புத்தகத்துக்கு ஒரு பரிசு என்று பேரம் பேசுவது. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் படம் வரைவதில் ஆர்வமுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். வரைந்தால் சான்றிதழ் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட பிள்ளைகள், பிற்பாடு சான்றிதழ் இல்லாதபோது வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களைவிடப் பாதியாகக் குறைந்திருந்தது. எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. வாசிப்புக்கும் இந்தக் கணக்கை நினைவில் வைக்கலாம்: முடித்ததும் சேர்ந்து கொண்டாடுவதில் தவறில்லை, முன்கூட்டி விலை பேசுவதுதான் சிக்கல். அடுத்த இடம், முடித்ததும் "கதைச்சுருக்கம் எழுது" என்பது. சினிமா பார்த்துவிட்டு வரும் பெரியவர்களிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

ஒரு புத்தகம் பிடித்துவிட்டால் வேலை சுலபம். அதே வரிசையில் அடுத்ததைக் கொடுங்கள். பாத்திரங்களும் இடமும் பேச்சும் ஏற்கெனவே பழகிவிட்டதால் இரண்டாவது புத்தகம் முதலாவதைவிட வேகமாகப் போகும், கூடுதல் பக்கங்களையும் தாங்கும். ஒவ்வொரு பாகமும் தனிக்கதையா, தொடர்கதையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்; தொடர்கதையின் மூன்றாம் பாகத்தைத் தெரியாமல் எடுத்து வந்தால் முதல் பக்கத்திலேயே ஆள் தெரியாத கூட்டத்தில் நிற்க வேண்டிவரும். படித்ததையே நாலாவது முறை படிக்கும் பிள்ளையைத் தடுக்க வேண்டாம். முதல் முறை கதைக்காக ஓடிய கண், இப்போதுதான் வாக்கியத்தில் நிற்கிறது.

பாதியில் விட்ட புத்தகத்தையும் வீணாக்காதீர்கள். 20 பக்கம் அல்லது இரண்டு அத்தியாயம் படித்தும் ஒட்டவில்லை என்றால் விட்டுவிட உரிமை உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு பக்க அடையாளம் எங்கே நின்றது என்று பாருங்கள். பத்துப் பக்கத்துக்குள் நின்றிருந்தால் மொழி கடினம், அல்லது தொடக்கம் மந்தம். ஒரு விரல் குறைத்துத் தேடுங்கள். நடுவில் நின்றிருந்தால் மொழியில் சிக்கல் இல்லை, கதை தளர்ந்திருக்கிறது, அல்லது நாள் விட்டுப்போயிருக்கிறது. இன்னும் சின்னதாக, இன்னும் சின்ன அத்தியாயங்களோடு ஒன்றை எடுங்கள். ஏதோ ஒரு சம்பவத்துக்குச் சரியாக அடுத்த பக்கத்தில் நின்றிருந்தால் அந்தப் பக்கத்தை நீங்கள் படித்துப் பாருங்கள். பயமோ துக்கமோ அங்கே இருக்கலாம், பேச வேண்டியிருக்கலாம். கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் நின்று நாலு நாளாக நகரவில்லை என்றால் எதுவும் கேட்காதீர்கள். சில பிள்ளைகளுக்குப் பிடித்த புத்தகத்தை முடிக்க மனசு வராது. அதே வரிசையின் அடுத்த பாகத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.